பளபளக்கும் வெப்லியை நம்பாதீர்கள்

"எங்க தாத்தா பட்டாளத்துல இருந்தவர், இது அவரோட ரிவால்வர், அப்படியே ஒரிஜினல் சார்." சென்னையில் பழைய ராணுவக் கைத்துப்பாக்கிக்கு விலை பேசும்போது பேச்சு அநேகமாக இப்படித்தான் தொடங்கும். தாத்தா பட்டாளத்தில் இருந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பட்டாளத்தில் கொடுத்த ரிவால்வர் சர்க்கார் சொத்து. அது வீட்டுக்கு வந்தது எப்படி? முதலில் இதற்கு இரும்பில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவச் சொத்தில் அகன்ற அம்புக்குறி முத்திரை இருக்கும். இந்திய சர்க்கார் சொத்தென்றால் அந்த அம்புக்குறியோடு ஆங்கில 'ஐ' எழுத்தும் இருக்கும். முறைப்படி விற்றுக் கழித்ததில் இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை பார்த்தபடி இருக்கும். அம்புக்குறியே இல்லையா? அதிகாரி சொந்தக் காசில் வாங்கியதாக இருக்கலாம். முதல் உலகப் போரில் அது சகஜம். கதையும் முத்திரையும் ஒத்துப்போகாவிட்டால் முத்திரையைத்தான் நம்ப வேண்டும்.

பார்க்கப் போகும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன டார்ச், அளவெடுக்க டிஜிட்டல் வெர்னியர், ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் போதும். லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு துப்பாக்கி பெரும்பாலும் ஏதாவது டீலர் கடையில் டெபாசிட்டில் இருக்கும். அங்கேயே பாருங்கள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா பாருங்க" என்று யார் சொன்னாலும் வேண்டாம், அது குற்றம். கையில் வாங்கியதும் முதல் வேலை திறந்து காலி என்று உறுதி செய்வது. டீலர் காட்டியிருந்தாலும் நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

நம் ஊரில் அதிகம் பேசப்படும் துப்பாக்கி பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லி மார்க் 6. 1915-ல் ராணுவம் ஏற்றது, .455 தோட்டா, 6 அங்குல பேரல், நடுவில் மடங்கித் திறக்கும், சுமார் ஒரு கிலோ கனம். உடல்பகுதியான ஃப்ரேமின் இடப்பக்கம் வெப்லி பெயர், மார்க், பேட்டன்ட், ஆண்டு எல்லாம் வரிசையாக இருக்கும். 1921 முதல் 1926 வரை என்ஃபீல்டு சர்க்கார் தொழிற்சாலையும் இதைச் செய்தது. ஆகவே என்ஃபீல்டு பெயரைப் பார்த்ததும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

லென்ஸை எழுத்தின் மேல் வையுங்கள். அச்சு அடித்த எழுத்தில் உலோகம் ஒதுங்கி ஓரத்தில் மெல்லிய வரப்புபோல எழும்பியிருக்கும். ப்ளூயிங், அதாவது இரும்புக்கு ஏற்றும் கருநீல மெருகு, அச்சுக்குப் பிறகு செய்வது என்பதால் அந்த நிறம் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் ஒரே சீராக இறங்கியிருக்கும். பின்னால் குத்தின முத்திரையென்றால் பள்ளத்தில் வெறும் இரும்பு மின்னும், சுற்றிலும் நிறம் உடைந்திருக்கும். லேசரில் செதுக்கியதில் அடி தட்டையாக இருக்கும், வரப்பே இருக்காது. சர்க்கார் ஆயுதசாலை பழுதுபார்த்தபோது பிற்காலத்தில் அடித்த முத்திரைகளும் உண்டு, அவை நேர்மையானவை. தொழிற்சாலைப் பெயரும் ஆண்டும் புதிதாகத் தெரிந்தால்தான் சந்தேகம்.

அடுத்தது மெருகு. சென்னையில் கெட்டுப்போன துப்பாக்கிகளில் பல துருவால் கெட்டவை அல்ல. துருவை எடுக்கிறேன் என்று பஃபிங் சக்கரத்தில் கொடுத்ததால் கெட்டவை. கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் சோப்புக்கட்டிபோல உருண்டுவிடும். எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் நிற்கும். திருகுத் துளையைச் சுற்றிக் கிண்ணம்போலக் குழி விழும். அதன்மேல் புதிதாக ப்ளூயிங் செய்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் நீலத்துக்கு அடியில் பழைய துருக்குழிகள் தெரியும். குழிக்குள்ளும் நிறம் புதிதாக இருந்தால் கதை முடிந்தது. உறையில் உரசி உரசி பேரல் நுனியிலும், தோட்டா போடும் சிலிண்டரின் ஓரத்திலும் நிறம் போய்ச் சாம்பலான துப்பாக்கிக்குத்தான் சேகரிப்பவர் அதிகம் கொடுப்பார். புதிய மெருகுக்கு அவர் ஒரு ரூபாய்கூட ஏற்ற மாட்டார், இறக்கத்தான் செய்வார்.

மார்க் 6-ல் தவறாமல் பார்க்க வேண்டியது சிலிண்டரின் பின்முகம். அமெரிக்க .45 ஏசிபி பிஸ்டல் தோட்டாவை அரைவட்டக் கிளிப்போடு போட வசதியாக, அமெரிக்காவுக்குப் போன பல வெப்லிகளின் சிலிண்டரைப் பின்னால் சீவிவிட்டார்கள். சீவியிருந்தால் சிலிண்டருக்கும் பின்தட்டுக்கும் நடுவே இடைவெளி அகலமாகத் தெரியும். சேகரிப்பு மதிப்பு அங்கேயே விழுந்துவிடும். ஆபத்து வேறு; .45 ஏசிபியின் அழுத்தம் அந்தப் பழைய இரும்புக்கு ஒத்துவராது. ஃப்ரேமில் உள்ள சீரியல் நம்பரும் சிலிண்டரில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். திறந்த நிலையில் பின்தட்டுப் பக்கம் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, நுனியிலிருந்து பேரலுக்குள் பாருங்கள். உள்ளே சுருளாக ஓடும் வரிகள் கூர்மையாக இருந்தால் நல்லது, மங்கலாக இருந்தால் பரவாயில்லை. இருண்ட வளையம்போல ஒன்று தெரிந்தால் பேரல் உள்ளே வீங்கியிருக்கிறது, விலகிக்கொள்ளுங்கள்.

.38 என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வரில் வேறொரு ஏமாற்று. 1932-ல் வந்த மார்க் 1-ல் தோட்டாவை அடிக்கும் ஹாமருக்குக் கட்டைவிரலால் இழுக்கும் கொம்பு உண்டு. 1938-ல் வந்த நட்சத்திரக் குறி வகையில் அது இல்லை. பழையவற்றில் பெரும்பாலானவற்றையும் ராணுவமே கொம்பை எடுத்து மாற்றிவிட்டது. மாறாமல் தப்பியவை அரிது என்பதால் நட்சத்திரக் குறி ஃப்ரேமில் கொம்புள்ள ஹாமரை மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். மார்க்குக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதா, அல்லது அந்த இடம் மட்டும் அரம் போட்டதுபோலத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மன் பிஸ்டலான லூகர் பி08 இங்கே அபூர்வம், அதனால் சுருக்கமாக. சின்னப் பாகங்களில் சீரியலின் கடைசி இரண்டு எண்கள் இருக்கும். எல்லாம் பொருந்த வேண்டும், மேகசின் உட்பட. மவுசர் சி96-ல் கைப்பிடிக் கட்டையில் 9 மி.மீ. என்பதைக் குறிக்கும் சிவப்பு '9' இருந்தால் வெர்னியரைப் பேரலின் வாயில் வையுங்கள். 7.63 மி.மீ. பேரலுக்கு 9 எண் கட்டையை மாட்டுவது பழைய வித்தை. கைபர் கணவாய்ப் பக்கம் கைவேலையாகச் செய்த நகல்களும் நம் துணைக்கண்டத்தில் சுற்றுகின்றன. ஸ்பெல்லிங் பிழையும், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிய ஆங்கில 'என்' எழுத்தும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

இனி விலை. வெளிநாட்டு விலைப் பட்டியலை இங்கே கொண்டுவந்து பயனில்லை. .38, .455, 9 மி.மீ. எல்லாம் தடை செய்யப்பட்ட துளை அளவு. அதற்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு, வாங்க ஆள் குறைவு. 1980-களில் இறக்குமதி நின்றதிலிருந்து .32 வெளிநாட்டு பிஸ்டல்களுக்கு கிராக்கி. அதனால் வரலாறே இல்லாத .32 வெப்லி ஸ்காட், முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளைக் கண்ட மார்க் 6-ஐ விட இங்கே அதிக விலைக்குப் போகும். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் சந்தை அப்படி. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதால், ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் ஆசைப்பட்டும் பயனில்லை. "நூறு வருஷம் ஆச்சு, லைசென்ஸ் வேண்டாம்" என்பதும் பொய். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது.

இந்தியாவில் நம்பகமான சான்று, குடும்பத்திடம் இருக்கும் பழைய லைசென்ஸ் புத்தகம். அதிலுள்ள நம்பரை ஃப்ரேமோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். இரும்பில் பேட்டன்ட் ஆண்டும் இருப்பதால் அதையே சீரியல் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. நம்பர் ஒத்துவராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். திருத்தம் செய்ய வேண்டியது விற்பவர், போக வேண்டிய இடம் காவல் ஆணையர் அலுவலகம்.

வாங்கியாயிற்று என்றால் தோல் உறையைத் தனியாக வையுங்கள். தோல் பதனிட்ட ரசாயனமும் நம் கடற்காற்று ஈரமும் சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் பேரலில் குழி விழும், உறையின் பித்தளைக் குமிழில் பச்சைக் களிம்பு பூக்கும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், சிக்குப் பிடித்துவிடும். துப்பாக்கி எண்ணெய் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். கைப்பிடிக் கட்டைக்கு அடியிலும் பாருங்கள், அங்கேதான் முதலில் துரு ஏறும்.