முதலில் கூற்று, அப்புறம் நயம்

குறுந்தொகையின் 40ஆம் பாடலை நடத்திய அன்று எங்கள் தமிழாசிரியர் பாட்டைக் கரும்பலகையில் எழுதவில்லை. அதோடு வரும் கூற்றுக் குறிப்பை, அதாவது பாட்டை யார், எந்தச் சூழலில் சொல்கிறார் என்ற குறிப்பை மட்டும் எழுதினார். தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகத்தில் அதைக் கண்டு தலைவன் சொன்னது.

"செம்மண்ணில் பெய்த மழைபோல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்கிறான். அழகுதான். ஆனால் அவள் நெஞ்சைப் பற்றியும் அவனேதான் பேசுகிறான். அவள் பயம் பாட்டில் எங்கே? தேடுங்கள்" என்றார் ஆசிரியர்.

தேடினோம். பாட்டில் இல்லை. குறிப்பில்தான் இருந்தது.

நயம் பாராட்டச் சொன்னால் எதுகை, மோனை, உவமை என்று வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தவன் நான். "முதலில் கூற்று, அப்புறம் நயம்" என்று அவர் அன்று சொன்னது பல ஆண்டுகள் கழித்து, 'லோலிடா' நாவலை எடுத்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

1955இல் பாரிஸில் வெளியான நபோக்கோவின் நாவல் அது. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் வாழ்வைச் சீரழித்த ஹம்பர்ட், சிறையில் இருந்து எழுதுவதாக அமைந்தது. தொடக்கத்திலேயே அவள் பெயரை மூன்று அசைகளாகப் பிரித்து, நாக்கு அண்ணத்தில் மூன்று எட்டு வைப்பதைச் சொல்வான். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நாக்கு அப்படியே நடந்தது! சொக்கிப்போனேன். அடுத்த நொடி வயிற்றைப் பிசைந்தது. இதைப் போய் ரசிக்கலாமா? புத்தகத்தை மூடிவிட்டேன்.

சில நாள் கழித்து ஆசிரியரின் குரல் நினைவுக்கு வந்தது. சரி, இது யார் கூற்று? குற்றவாளியின் கூற்று. யாரிடம் சொல்கிறான்? தனக்குத் தீர்ப்புச் சொல்லப்போகும் ஜூரிகளிடம். பள்ளியில் அவள் டாலி, படிவங்களில் கையெழுத்திடும்போது இயற்பெயரான டொலோரஸ், தன் கைகளில் மட்டும் லோலிடா என்று அவனே சொல்லிவிடுகிறான். மீண்டும் முதல் பக்கத்தில் இருந்து தொடங்கினேன்.

அந்த நடை என்னை மயக்கியது உண்மை. மயங்கியதால்தான் அவன் எதை மூடி மறைக்கிறான் என்பதும் உறைத்தது. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓராண்டு அமெரிக்கா முழுக்க அலைந்ததில் என்ன மிஞ்சியது என்று ஓரிடத்தில் அடுக்குகிறான்: மடங்கிக் கசங்கிய வரைபடங்கள், பாழான வழிகாட்டி நூல்கள், பழைய டயர்கள். அந்த வாக்கியத்தின் கடைசியில், அவன் தூங்குவதுபோல் பாசாங்கு செய்ததும் இரவுதோறும் அவள் விம்முவது வருகிறது. பழைய டயருக்கு அடுத்து ஒரு குழந்தையின் அழுகை. நான் படித்த உரைநடையில் இதற்கு இணையாக வேறொரு வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

பிற்பகுதியில் அவளே எழுதிய கடிதம் ஒன்று வருகிறது. திருமணமாகிவிட்டது, குழந்தை பிறக்கப்போகிறது, கடன் இருக்கிறது, பணம் வேண்டும், நிறையத் துன்பப்பட்டுவிட்டேன். அவ்வளவுதான், ஓர் உவமைகூட இல்லை. கீழே டாலி என்று கையெழுத்து.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: டொலோரஸ் கூற்று.