செய்தித்தாளில் ஒட்டிக்கொண்ட பூ

செடியைப் பார்க்க அரை மணி நேரம், அது புது இனம் என்று காட்டி அதற்குப் பெயர் வைக்க நான்கு வருடம். அதில் ஒரு வருடம் என் அவசரத்தால் போனது.

காசித்தும்பைக்குக் காட்டு உறவு அது, இம்பேஷன்ஸ் பேரினம். ஈரப்பாறையில் ஒட்டி நின்றது. பூவின் பின்னால் வால் மாதிரி நீளும் தேன்குழல், நான் பார்த்த எந்த இனத்திலும் இல்லாதபடி சுருண்டிருந்தது. அனுமதிக் கடிதம் கையில் இருந்ததால் இரண்டு செடிகளை எடுத்து, வழக்கம்போல செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினேன். இந்தப் பேரினத்தின் பூ அத்தனை மென்மை, காய்ந்ததும் பழுப்புக் கறையாகத் தாளோடு அப்பிக்கொள்ளும், இதழ் எது வால் எது என்று பிரிக்கவே முடியாது. நாலைந்து பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். போடவில்லை. அடுத்த பூக்கும் பருவம் வரை காத்திருந்தேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை. புதுசு என்று சொல்ல வேண்டுமானால், ஏற்கெனவே பெயர் வைத்த எதுவும் இது இல்லை என்று காட்ட வேண்டும். பேரினத்திலோ ஆயிரத்துக்கும் மேல் இனங்கள்! நெருங்கிய சொந்தங்களாகப் பொறுக்கி, ஹெர்பேரியங்கள், அதாவது உலர்செடிக் காப்பகங்கள், இணையத்தில் வைத்திருக்கும் மூலமாதிரிகளின் (ஒரு பெயருக்கு ஆதாரமாக வைத்த செடிகளின்) படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 19ஆம் நூற்றாண்டுப் பெயர் ஒன்று மட்டும் தூங்கவிடவில்லை. லத்தீனில் இரண்டே வரி விவரணை, மூலமாதிரித் தாளில் பூ இருந்த இடத்தில் பழுப்புக் கறை. அந்தப் பெயரை வைத்தவரும் என் ஜாதி! கடைசியில் இலைக்காம்பின் அடியில் இருக்கும் சுரப்பிகள்தான் காப்பாற்றின: அதில் உண்டு, இதில் இல்லை.

புது இனத்தை அறிவிக்கும் கட்டுரையை எழுதுவது ஒப்பீட்டில் சுலபம். 2012 முதல் லத்தீன் கட்டாயமில்லை, ஆங்கிலத்திலும் விவரிக்கலாம். ஆனால் ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கான மூலமாதிரி, என்று குறிப்பிட்டு, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. மதிப்பாய்வாளர் ஒருவர் விதையின் படமும் கேட்டார், நல்லவேளை அந்த இரண்டாவது பருவத்திலேயே காயும் எடுத்து வைத்திருந்தேன். இடத்தின் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையைக் கட்டுரையில் போடவில்லை. அபூர்வச் செடி என்றால் பிடுங்கிப்போக ஆள் வருவார்கள்.

உன் பெயரையே வைக்கலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். பெயர் சூட்டும் விதிகள் தடுக்கவில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சுருண்ட வாலை வைத்தே பெயர் சூட்டினேன். அந்த முதல் வருடக் கறைத் தாளையும் பாராடைப்பாக, அதாவது ஹோலோடைப்புக்குத் துணை மாதிரியாக, சேர்த்துவிட்டேன், செடி அங்கே இருந்ததற்கு அதுவும் சாட்சிதானே.