யார் போட்ட காணிக்கை?

அமெரிக்காவில் கார்ன்வால் அலையன்ஸ் என்றொரு கிறிஸ்தவ அமைப்பு இருக்கிறது. 2009-இல் அவர்கள் வெளியிட்ட பிரகடனத்தை நேற்று இரவு படித்தேன். கடவுள் படைத்த பூமி உறுதியானது, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், புவி வெப்பமாவதால் பேராபத்து இல்லை என்கிறது. தினமும் ஜெபிக்கிறவள் நான். மனசு வலித்தது.

சரி, இப்படிப்பட்ட பிரசாரங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? காலநிலை நடவடிக்கையை எதிர்க்கும் 91 அமைப்புகளின் நிதியை ராபர்ட் புருல் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார். அறக்கட்டளைகள் தந்த பணத்தில் 'டோனர்ஸ் டிரஸ்ட்' வழியாக வந்தது 2003-இல் சுமார் 3 சதவீதம். சில ஆண்டுகளிலேயே கிட்டத்தட்ட கால் பங்கு! அந்த டிரஸ்டில் பணத்தைப் போட்டுவிட்டு, யாருக்குப் போகவேண்டும் என்று சொன்னால் போதும். கணக்கில் டிரஸ்டின் பெயர்தான் இருக்கும், கொடுத்தவர் பெயர் வெளியே வராது.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போனது என்பதைக்கூட எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள்.

டெக்சாஸில் கேத்தரின் ஹேஹோ என்ற காலநிலை விஞ்ஞானி இருக்கிறார். அவரும் விசுவாசிதான், போதகரின் மனைவி. உண்மையைப் பேசுவதற்காக அவருக்கு வசைக் கடிதங்கள் வருகின்றன. அவருக்காக இன்று ஜெபித்தேன்.