பச்சை நெல்லுக்கு நியாய விலை

இலங்கையின் வடக்கே வன்னியில் நெல்லை நம்பித் தொழில் தொடங்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆசைகள் இருக்கும்: விவசாயிக்கு நியாய விலை, சாப்பிடுகிறவருக்குத் தீட்டாத சிவப்பரிசி. இரண்டுமே விடக்கூடாத ஆசைகள். அவற்றைக் காப்பாற்றுவது தராசும் ஈரப்பத மீற்றரும்தான்.

காலபோக அரிவுவெட்டு நேரத்தில் பரந்தன், முரசுமோட்டைப் பக்கம் வெட்டு மெசினிலிருந்து நெல் நேரே மூட்டைக்குள் போகிறது. அந்தப் பச்சை நெல்லில் ஈரம் 20 வீதம்கூட இருக்கும். களஞ்சியத்தில் வைக்க 14 வீதத்துக்கு இறக்க வேண்டும். அப்படிக் காய்ந்தால் 100 கிலோ 93 ஆகிவிடும். மனமிரங்கிக் காய்ந்த நெல்லின் விலையையே கொடுத்தால் ஏழு கிலோவின் காசு வாங்கும் இடத்திலேயே போய்விடும். கண்மதிப்பில் மூட்டைக்கு இத்தனை கிலோ என்று எல்லாருக்கும் ஒரேமாதிரிக் கழிப்பது அதைவிட மோசம். சிரமப்பட்டுக் காயவைத்துக் கொண்டுவந்தவரும் அந்தக் கழிவைச் சுமக்கிறார். 100 கிலோவில் 20 வீத ஈரத்துக்கு 7 கிலோ, 17 வீதத்துக்கு மூன்றரைக் கிலோ கழிவு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் நெல் எடுத்துக் கலந்து, விவசாயியின் முன்னாலேயே ஈரத்தை அளவிடுங்கள். மேல்நெல் வெயிலில் காய்ந்திருக்கும். அதை மட்டும் அளந்தால் கணக்குப் பிழையாகிவிடும்.

கிலோவுக்கு ஒரு ரூபா கூடக் கொடுப்பதைவிட அன்றே காசு கொடுப்பது பெரிய உதவி. உழவுக்கூலி, உரக்கடன் எல்லாம் அந்த வாரமே வாசலில் வந்து நிற்கும். ஆகவே கைக்காசுக்கு மேல் வாங்காதீர்கள். மாதம் 1,000 கிலோ அரிசி விற்க, 65 வீதம் அரிசி கிடைக்குமென்றால், ஏறக்குறைய 1,540 கிலோ காய்ந்த நெல் வேண்டும். அடுத்த அறுவடையான சிறுபோகம் வரை ஆறு மாதத்துக்கு ஒன்பது தொன்னுக்குச் சற்று மேல். அதற்குமேல் வாங்கினால் அடுத்தவரின் நெல்லுக்குத் தவணை சொல்ல வேண்டிவரும்.

புழுங்கலரிசிக்கு நெல்லை அவிப்பதற்கு முன் பச்சைத்தண்ணீரில் ஊறவைப்பவர்கள் இடையில் தண்ணீரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புளித்து, சோறு மணக்கும். அவித்ததை ஒரே மூச்சில் வெயிலில் காயவிட்டால் குத்தும்போது குறுநல், அதாவது உடைந்த அரிசி, கூடும். ஏறக்குறைய 18 வீதத்தில் அள்ளி நிழலில் குவித்து, சில மணிநேரம் ஆறவிட்டு, பிறகு 14 வரை காயவையுங்கள். தீட்டாத அரிசியில் தவிட்டெண்ணெய் இருப்பதால் சிக்கு மணம் பிடிக்கும். நெல்லாகவே வைத்திருந்து வாரத்துக்குத் தேவையானதை மட்டும் குத்துவது நல்லது.

ஊராருக்குக் கூலிக்குக் குத்திக் கொடுப்பது, தவிட்டை மாட்டுத் தீனுக்கு விற்பது எல்லாம் இலட்சியத்துக்குப் பொருந்தாத வேலை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். வேண்டாம். மின்கட்டணத்தைக் கட்டுவது பெரும்பாலும் அந்த வருமானம்தான்.

இரசாயன உரத்தை ஒரே போகத்தில் நிறுத்தும்படி விவசாயியிடம் சொல்லவும் கூடாது. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததையும், நவம்பரில் தடையை நீக்கியும் விளைச்சல் சரிந்ததையும் இங்குள்ள எவரும் மறக்கவில்லை. மொட்டைக்கறுப்பனோ வேறு பாரம்பரிய நெல்லோ, அரை ஏக்கரில் தொடங்கட்டும். அதில் குறையும் விளைச்சலுக்கு நீங்கள் என்ன ஈடு தருவீர்கள் என்பதை விதைப்புக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.