பின்வரிசையில் 18 ஆண்டுகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடப்பு நிகழ்வுகள் எடுப்பது என் வேலை. சர்வதேச அமைப்புகள் என்ற தலைப்பு வந்தாலே வகுப்பு கொட்டாவி விடும். யார் உறுப்பினர், யார் பார்வையாளர், தலைமையகம் எங்கே, இவ்வளவுதானே மேடம், மனப்பாடம் பண்ணிக்கொள்கிறோம் என்பார்கள். ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பை மட்டும் நான் அப்படி விடுவதில்லை. அதில் ஈரான் என்ற ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், இந்த மாதிரி அமைப்புகள் உள்ளுக்குள் எப்படி ஓடுகின்றன என்பது விளங்கிவிடும். வகுப்பில் மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முன்கதை சுருக்கம்தான். 1996-இல் சீனா, ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகள் எல்லைப் பிரச்சினைகளைப் பேசக் கூடின. 2001 ஜூன் 15 அன்று உஸ்பெகிஸ்தானும் சேர்ந்ததும் அது முறையான அமைப்பானது. பயங்கரவாதம், பிரிவினைவாதம், தீவிரவாதம் மூன்றையும் எதிர்ப்பதுதான் அறிவிக்கப்பட்ட நோக்கம். 2004-இல் மங்கோலியா முதல் பார்வையாளராக வந்தது. 2005 ஜூலையில் கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் நடந்த உச்சி மாநாட்டில் இந்தியா, பாகிஸ்தான், ஈரான் மூன்றுக்கும் ஒரே நாளில் அந்த இடம் கிடைத்தது.

பார்வையாளர் என்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. திறந்த அமர்வில் இருக்கலாம், தலைவர் அனுமதித்தால் பேசலாம், புகைப்படத்தில் நிற்கலாம். முடிவெடுக்கும்போது குரல் கிடையாது, தீர்மானத்தில் கையெழுத்தும் கிடையாது. இவ்வளவு சின்ன இடத்துக்காக அமெரிக்கா இவ்வளவு பெரிய சண்டை போட்டதா என்று யாரும் கேட்கலாம். ஆனால் அஸ்தானாவில் அந்த நாளில் வேறொன்றும் நடந்தது. ஆப்கன் போருக்காக மத்திய ஆசியாவில் வந்து உட்கார்ந்த ராணுவத் தளங்களை எப்போது காலி செய்வீர்கள் என்று தேதி சொல்லுங்கள் என அமெரிக்கக் கூட்டணியிடம் அமைப்பு கேட்டுவிட்டது. அடுத்த சில வாரங்களில் உஸ்பெகிஸ்தான் கர்ஷி-கானாபாத் தளத்தைக் காலி செய்யச் சொன்னது, ஆண்டு முடிவதற்குள் அமெரிக்கப் படை கிளம்பியும் விட்டது. அதே மேடையில் ஈரானுக்கும் நாற்காலி என்றால் வாஷிங்டனுக்கு எப்படி இருந்திருக்கும்?

கோபம் வெடித்தது அடுத்த ஆண்டு. 2006 ஜூன் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஷாங்ரி-லா பாதுகாப்பு மாநாடு. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் அங்கே நேரடியாகவே கேட்டார்: பயங்கரவாதத்தை எதிர்ப்பதாகச் சொல்லும் ஓர் அமைப்பு, உலகின் முன்னணிப் பயங்கரவாத நாடுகளில் ஒன்றான ஈரானை உள்ளே கொண்டுவரப் பார்ப்பது விசித்திரமாக இல்லையா? அமைப்பின் தலைமைச் செயலர் ஜாங் தெகுவாங் சும்மா இருக்கவில்லை. எங்கள் பார்வையாளர்களைப் பயங்கரவாதத்தின் புரவலர்கள் என்று மற்றவர்கள் சொல்வதை ஏற்க முடியாது, அப்படி நாங்கள் நினைத்திருந்தால் அழைத்திருக்கவே மாட்டோம் என்று பதில் கொடுத்தார். சில நாளில் ஷாங்காயில் ஐந்தாம் ஆண்டு மாநாடு. ஈரான் அதிபர் மஹ்மூத் அஹ்மதிநெஜாத் வந்தார், சீன அதிபர் ஹூ ஜிந்தாவையும் ரஷ்ய அதிபர் புதினையும் சந்தித்தார், எரிசக்தி அமைச்சர்கள் கூட்டத்தை டெஹ்ரானில் நடத்தலாம் என்று அழைப்பு விடுத்தார். உலகப் பத்திரிகைகளின் கேமராக்கள் விருந்தளித்தவர்களை விட்டுவிட்டு விருந்தாளியைச் சுற்றின.

செய்தியாகப் படித்தவர்களுக்கு இது அமெரிக்காவுக்கும் ஷாங்காய் அணிக்கும் நடந்த மோதல். எனக்கு அதைவிட சுவாரசியம், அதே பின்வரிசையில் இந்தியா உட்கார்ந்திருந்த விதம். 2005 ஜூலையில்தான் மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் அணுசக்தி ஒப்பந்தத்துக்கு அடித்தளம் போட்டிருந்தார்கள். அந்தச் செப்டம்பரிலும் 2006 பிப்ரவரியிலும் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையில் இந்தியா ஈரானுக்கு எதிராக வாக்களித்தது. அப்புறம் ஜூனில் இருவரும் ஷாங்காயில் ஒரே வரிசையில்! வெளியுறவுத் துறை அப்போது பிரதமரின் கையிலேயே இருந்தது. மன்மோகன் போகவில்லை, பெட்ரோலிய அமைச்சர் முரளி தேவ்ராவை அனுப்பினார். எரிவாயுக் குழாய் பற்றிப் பேசவே வந்தோம், மற்றதைக் கேட்காதீர்கள் என்று சொல்லாமல் சொன்ன ஏற்பாடு. இதைவிடச் சாமர்த்தியமான ஆள் தேர்வை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, ஈரான் கதைக்கு வருவோம். 2008-இல் ஈரான் முழு உறுப்பினராக விண்ணப்பித்தது. பேச்சிலும் கைகுலுக்கலிலும் பஞ்சமில்லை. 2009 ஜூனில் டெஹ்ரான் தெருக்களில் தேர்தல் முடிவை எதிர்த்து லட்சக்கணக்கானோர் திரண்டிருந்த வாரத்திலேயே அஹ்மதிநெஜாத் ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க் மாநாட்டுக்கு வந்து சேர்ந்தார். மன்மோகன் சிங்கும் அங்கே வந்திருந்தார். பாகிஸ்தான் அதிபர் சர்தாரியிடம் கேமராக்களுக்கு முன்னாலேயே, உங்கள் மண்ணைப் பயங்கரவாதத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவே வந்திருக்கிறேன் என்ற பொருளில் அவர் பேசியது நம் ஊடகங்களில் பெரிதாக வந்தது. தமிழர்களாகிய நாம் கவனிக்கத் தவறிய இன்னொன்றும் அங்கே நடந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் இலங்கைக்குப் பார்வையாளருக்கும் ஒரு படி கீழான ‘உரையாடல் கூட்டாளி’ தகுதி வழங்க முடிவெடுத்தார்கள். வெளியே விசாரணைப் பேச்சு எழுந்த ஓர் அரசுக்கு உள்ளே ஒரு நாற்காலி. உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமை என்பது அமைப்பின் சாசனத்தில் இருக்கும் கொள்கை. அதற்கு நடைமுறையில் என்ன அர்த்தம் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

இத்தனை வரவேற்புக்குப் பிறகு 2010. என் வகுப்பில் இரண்டு தேதிகளை மட்டும் பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். ஜூன் 9, நியூயார்க். ஈரான்மீது புதிய தடைகள் விதிக்கும் 1929-ஆம் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிறைவேறுகிறது. பிரேசிலும் துருக்கியும் எதிர்த்து வாக்களித்தன, லெபனான் ஒதுங்கியது. சீனாவும் ரஷ்யாவும்? ஆதரித்துக் கை தூக்கின. அடுத்தது ஜூன் 10, 11, தாஷ்கண்ட். ஷாங்காய் அமைப்பின் உச்சி மாநாட்டில் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கான விதிமுறைகள் ஏற்கப்படுகின்றன. யூரேசியப் பகுதியில் இருக்க வேண்டும், எல்லா உறுப்பு நாடுகளுடனும் தூதரக உறவு வேண்டும் என்று போய், ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைக்கு உள்ளாகியிருக்கக் கூடாது என்பதும் பட்டியலில் இருந்தது. எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அஹ்மதிநெஜாத் தாஷ்கண்டுக்கு வரவில்லை. மாநாடு முடிந்த அதே ஜூன் 11 அன்று அவர் ஷாங்காய் நகரத்தில்தான் இருந்தார், உலகக் கண்காட்சியில் ஈரான் தின விழாவில்! ஷாங்காய் பெயர் கொண்ட அமைப்பு வேறிடத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருக்க, அவர் ஷாங்காயிலேயே அரங்கம் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் கற்பனை செய்து சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

ஈரானை வெளியே நிறுத்தியது அமெரிக்காவின் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 2006-இல் ரம்ஸ்ஃபெல்ட் போட்ட சத்தத்துக்கு அமைப்பு ஒரு அங்குலமும் அசையவில்லையே. உண்மையில் நிறுத்தியவர்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள். மாஸ்கோவுக்கும் பெய்ஜிங்குக்கும் ஈரான் பார்வையாளராக இருப்பதில் லாபம்தான்: அமெரிக்காவுக்கு எரிச்சல், எண்ணெய்க்கு வழி, பேரத்துக்கு ஒரு சீட்டு. உறுப்பினராக்கினாலோ, டெஹ்ரானின் அணுசக்தித் தகராறு தங்கள் வீட்டுத் தகராறாகிவிடும். அதனால் பின்வரிசைதான் அவர்களுக்கு வசதி.

தடை போய்விட்டால் வழி திறக்கும் என்பது கணக்கு. 2015 ஜூலையில் ஈரானுக்கும் வல்லரசுகளுக்கும் இடையே அணு ஒப்பந்தம் எட்டப்பட்டு 2016 ஜனவரியில் தடைகள் நீங்கின. இனிமேல் என்ன தடங்கல்? யாருமே எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது: தஜிகிஸ்தான். ஈரானியர்களைப் போலவே பாரசீகம் பேசும் நாடு, அன்சோப் சுரங்கப்பாதையும் சங்தூதா-2 நீர்மின் நிலையமும் ஈரானின் பணத்தில் கட்டிக்கொண்ட நாடு. 2015-இல் தஜிகிஸ்தான் தன் நாட்டின் இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சியைத் தடை செய்தது. அதன் தலைவர் முஹித்தீன் கபிரி நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். டிசம்பரில் டெஹ்ரானில் நடந்த ஒரு மாநாட்டுக்கு அவரை அழைத்தார்கள். உச்சத் தலைவர் கமேனியை அவர் சந்தித்த படமும் வெளியே வந்தது. தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பே கொதித்துப் போனது. 1990-களின் உள்நாட்டுப் போர்க் காலக் கொலைகளுக்குப் பின்னால் ஈரானின் பணம் இருந்தது என்று 2017-இல் அரசுத் தொலைக்காட்சியில் ஆவணப்படமே போட்டார்கள்.

இந்த அமைப்பில் வாக்கெடுப்பு கிடையாது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை என்றால்தான் முடிவு. ஆகவே ரஷ்யா வெளிப்படையாக ஆதரித்தும் ஒரு சின்ன நாட்டின் மறுப்பு போதுமானதாக இருந்தது. 2017 ஜூனில் அஸ்தானாவில் இந்தியாவும் பாகிஸ்தானும் முழு உறுப்பினர்களாயின. தங்களுக்குள் மூன்று பெரிய போர்களும் கார்கிலும் நடத்திய இரண்டு நாடுகள் கைகோத்து உள்ளே போக, ஈரான் அதே இடத்தில் நின்றது. பெரிய வல்லரசுகள்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்கின்றன என்று கட்டுரையில் எழுதும் மாணவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பது இதனால்தான்.

பின்னர் துஷான்பேயும் டெஹ்ரானும் மெல்ல மெல்லச் சமாதானமாயின. 2021 செப்டம்பர் 17 அன்று ஈரானைச் சேர்க்கும் நடைமுறை தொடங்கிய மாநாடு நடந்தது துஷான்பேயிலேயே. புதிதாகப் பதவியேற்ற ஈரான் அதிபர் ரயீசியின் முதல் வெளிநாட்டுப் பயணமும் அதுதான். கடைசியில் 2023 ஜூலை 4 அன்று இந்தியா தலைமையேற்று இணையவழி நடத்திய மாநாட்டில் ஈரான் முழு உறுப்பினரானது. இத்தனை ஆண்டு காத்திருந்து கிடைத்த இடத்துக்குக் காணொலித் திரையில் வரவேற்பு.

உள்ளே போனதில் என்ன கிடைத்தது? 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. அடுத்த நாளே அமைப்பு கண்டன அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கை குறித்த விவாதத்தில் நாங்கள் பங்கேற்கவில்லை என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் உடனே விலகிக்கொண்டது. அந்த மாதக் கடைசியில் சீனாவின் சிங்தாவ் நகரில் நடந்த அமைப்பின் பாதுகாப்பு அமைச்சர்கள் கூட்டத்தில் பஹல்காம் தாக்குதல் இடம்பெறாத கூட்டறிக்கையில் ராஜ்நாத் சிங் கையெழுத்திட மறுத்தார், கூட்டறிக்கையே வரவில்லை. செப்டம்பர் 1 அன்று சீனாவின் தியான்ஜின் உச்சி மாநாட்டுப் பிரகடனத்தில் பஹல்காமுக்கும் கண்டனம், ஈரான்மீதான தாக்குதலுக்கும் கண்டனம். இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. ஒரு பத்தியை நீ தா, ஒரு பத்தியை நான் தருகிறேன் என்ற கொடுக்கல் வாங்கலாகத்தான் எனக்குத் தெரிகிறது. உறுப்பினரைத் தாக்கினால் மற்றவர்கள் படையனுப்ப வேண்டும் என்ற ஷரத்து இந்த அமைப்பின் சாசனத்தில் கிடையாது. நேட்டோவோடு ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தியான்ஜினில் இன்னொரு வேலையும் நடந்தது. பார்வையாளர், உரையாடல் கூட்டாளி என்ற இரண்டு வகையையும் ஒன்றாக்கிக் ‘கூட்டாளி’ என்றாக்கிவிட்டார்கள். என் குறிப்பேட்டில் ஒரு கட்டம் குறைந்தது.

அந்தச் செப்டம்பர் இறுதியில் ஐ.நா. தடைகள் ஈரான்மீது திரும்ப வந்தபோது வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: தடைக்கு உள்ளான நாடு சேரக் கூடாது என்றால், சேர்ந்த பிறகு தடை வந்தால் வெளியே அனுப்புவார்களா மேடம்? கேள்வி என்றால் இதுதான். அந்த விதி உள்ளே வருகிறவர்களுக்கானது. வெளியேற்றுவதற்குச் சாசனத்தில் தனி வழி உண்டு. அதில் சம்பந்தப்பட்ட நாட்டின் மறுப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், மற்ற எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தடைகள் திரும்பியதே செல்லாது என்று ரஷ்யாவும் சீனாவும் சொல்லிவிட்டன. 2010-இல் தடைக்குக் கை தூக்கிய அதே இருவர். ஆகவே ஈரானை யாரும் நாற்காலியிலிருந்து எழுப்பப் போவதில்லை.

ஒருவரின் மறுப்பே போதும் என்ற விதி இனி யாரைத் தடுக்கும் என்று பார்த்தால், எனக்கு ஆப்கானிஸ்தான்தான் தெரிகிறது. 2012-இல் பார்வையாளர் ஆன நாடு. 2021-இல் தலிபான் வந்த பிறகு உச்சி மாநாட்டு அழைப்பு இல்லை. 2025 ஜூலையில் ரஷ்யா முதல் நாடாக அவர்களை அங்கீகரித்துவிட்டது, மற்ற பலரும் காபூலுடன் வியாபாரம் பேசுகிறார்கள். தலிபான் விஷயத்தில் நெடுங்காலம் கறாராக நின்ற அண்டை நாடு தஜிகிஸ்தான். துஷான்பே தலையாட்டாமல் காபூலின் பெயர்ப்பலகை அந்த மேஜைக்கு வராது என்பது என் கணிப்பு.