சிகரெட்டையும் வேப்பையும் கைவிட எனக்கு 14 மாதங்கள் ஆயின

திருச்சியில் கல்லூரி வாசல் தேநீர்க்கடையில் தொடங்கிய பழக்கம், லண்டன் ஈஸ்ட்ஹாமுக்குக் குடிவந்த பின்னும் நாளொன்றுக்கு 15 சிகரெட் என 16 ஆண்டுகள் தொடர்ந்தது. நிகோடின் பட்டைகளை இருமுறை தோலில் ஒட்டிப் பார்த்தும் மூன்றாம் வாரத்தைத் தாண்ட முடியவில்லை. இங்கிலாந்தில் 10 லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் எனப்படும் மின் சிகரெட் கருவி தரும் திட்டத்தை அரசு 2023 ஏப்ரலில் அறிவித்திருந்தது. அவ்வாண்டு இறுதியில் நானும் புகை நிறுத்த உதவி மையம் ஒன்றுக்குச் சென்றேன்.

ஆலோசகர் முதலில் ஒரு கருவியில் ஊதச் சொன்னார். என் மூச்சில் கார்பன் மோனாக்சைடு 24 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 24 பங்கு இருந்தது. புகையிலை எரிவதால்தான் அந்த வாயுவும் தார் என்ற பிசுபிசுப்பான கசடும் உண்டாகின்றன என்றும், வேப்பில் எதுவும் எரிவதில்லை, நிகோடின் கலந்த திரவம் சூடாகி ஆவியாகிறது என்றும் விளக்கினார். அதில் தீங்கே இல்லை என்று அவர் சொல்லவில்லை. புகைக்காதவர்கள் அதைத் தொடவே கூடாது என்பதை அழுத்திச் சொன்னார்.

முதல் மாதம் வீணானதற்கு நான் செய்த தவறுகளே காரணம். சிகரெட்டைப் போல வெடுக்கென்று இழுத்து இருமினேன். திரவம் ஊறும்வரை காத்திராமல், அதைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலைக் கருக வைத்தேன். எல்லாவற்றிலும் பெரிய தவறு, நிகோடின் குறைவாக இருந்தால் நல்லது என்றெண்ணி மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம் உள்ள திரவத்தைத் தேர்ந்தெடுத்தது. அது போதாமல் மனைவிக்குத் தெரியாமல் நாளுக்கு நான்கைந்து சிகரெட்டும் பிடித்ததால், அடுத்த சோதனையிலும் அளவு 13-க்குக் கீழே இறங்கவில்லை. ஆலோசகர் என்னைக் கடிந்துகொள்ளாமல், பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மாற்றினார். 2024 தைப்பொங்கலன்று கடைசி சிகரெட்டை அணைத்தேன். நான்கு வாரம் கழித்து ஊதியபோது திரையில் 2 என்று வந்ததைக் கண்டு கண் கலங்கிவிட்டது.

அத்துடன் முடிந்ததென்று நினைத்திருந்தேன். 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், 886 பேரில் வேப் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும், பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் அப்படி வேப்பால் விட்டவர்களில் ஐந்தில் நால்வர் அப்போதும் வேப்பை விடவில்லை. நானும் அந்த நால்வரில் ஒருவனாகிக்கொண்டிருந்தேன். படுக்கையிலும் அது கையில் இருந்தது.

ஊரில் அப்பாவின் மணிவிழா வந்ததுதான் என்னை அசைத்தது. இந்தியாவில் 2019 முதல் மின் சிகரெட்டின் விற்பனையும் இறக்குமதியும் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருப்பதால் கருவியைக் கொண்டுபோக வழியில்லை. புறப்படுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் நிகோடின் அளவை 20-லிருந்து 10, பிறகு 6 மில்லிகிராம் என இறக்கினேன். பயணத்துக்கு நிகோடின் சூயிங்கம் எடுத்துக்கொண்டேன். அதைத் தொடர்ந்து மெல்லாமல், நாக்கில் காரம் தெரிந்ததும் வெற்றிலை போலக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். அதே தேநீர்க்கடையில் பழைய நண்பன் பாக்கெட்டை நீட்டியபோது, ஒதுக்கியிருந்த கன்னத்தைக் காட்டினேன். அவன் புரிந்துகொண்டு தன் சிகரெட்டையும் பற்றவைக்காமல் வைத்துவிட்டான்.

லண்டன் திரும்பியதும் 3 மில்லிகிராம், பின்பு நிகோடின் அற்ற திரவம். 2025 மார்ச்சில் அதையும் நிறுத்தினேன். லித்தியம் மின்கலம் உள்ள கருவியைக் குப்பையில் போடக்கூடாது என்பதால், வேப் விற்கும் கடையிலேயே மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டேன்.