அம்மப்பாட றேடியோவும் கறுத்துப்போன ரியூப்லைட்டும்

கல்லடியில அம்மப்பாட வீட்டு விறாந்தையில ஒரு பழைய ரியூப்லைட் இருந்திச்சு, ரெண்டு முனையும் கறுத்துப்போய் துடிச்சுத் துடிச்சுத்தான் எரியும், அத போட்டா காணும் மீடியம்வேவ் முழுக்க கொர்ர்ர் எண்டு இரையத் தொடங்கிரும், செய்தி நேரம் ஆராச்சும் சுவிச்சில கை வச்சா உள்ளுக்கிருந்தே "மனே, அந்த லைட்ட நூர் மனே" எண்டு சத்தம் வரும்.

அப்ப அது தொல்லை, அவ்வளவுதான். பிறகு படிக்கேக்கதான் தெரிஞ்சுது, இந்த இரைச்சல வேணுமெண்டே, அதுவும் எதிரிட ராடார குழப்பிறதுக்காக பெரிய பவர்ல உண்டாக்க ஆக்கள் மண்டைய உடைச்சிருக்காங்க எண்டு.

முதல்ல அந்த ரியூப். எரியேக்க தொட்டுப்பாருங்க, லேசான சூடுதான். ஆனா உள்ளுக்கு ஓடுற இலத்திரன்ட வெப்பநிலை கிட்டத்தட்ட 11,000 கெல்வின், சூரியன்ட மேற்பரப்பே 5,800தான்! இலத்திரன் போய் வாயு அணுவில மோதினா பந்து மதில்ல பட்ட மாதிரி திசை மாறிப் போகுமே தவிர சக்திய பெருசா குடுக்காது, அணு அவ்வளவு பாரம், அதால வாயு சும்மா கிடக்க இலத்திரன் மட்டும் கொதிச்சுக்கொண்டிருக்கும். அந்தக் கொதிப்புத்தான் றேடியோ அலையா வெளிய வருது. எங்கட 50 ஹேர்ட்ஸ் கறண்ட்ல டிஸ்சார்ஜ், அதாவது வாயுவுக்குள்ளால ஓடுற கறண்ட், செக்கனுக்கு 100 தரம் அணைஞ்சு பத்துறதால அதுக்கு மேல அந்த கொர்ர் வேற. 1949ல அமெரிக்காட பெல் லாப் எண்ட ஆய்வுகூடத்தில மம்ஃபோர்ட் எண்டவர் சாதாரண ரியூப்லைட்ட எடுத்தே மைக்ரோவேவ் கருவிகள அளக்க இரைச்சல் குடுக்கிற கருவி ஒண்டு செஞ்சு காட்டினவர். எங்கட வீட்டில நூரச் சொன்ன சாமான்!

ஆனா இது பொடி இரைச்சல். 1 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண் அகலத்தில கணக்குப் பாத்தா, ஒரு வாட் பவர் வேணுமெண்டா ஏழு லட்சம் கோடி மடங்கு பெருக்கோணும். ரெண்டாம் உலகப்போர்ல ஜேர்மன்காரன்ட வூர்ஸ்பேர்க் ராடார குழப்ப அமெரிக்கன் ஜாமர்கள் செஞ்சாங்க, இரைச்சலுக்கு 931ஏ எண்ட ஃபோட்டோமல்டிப்ளையர் ரியூப்ப பாவிச்சாங்க, ஒரு சின்ன வெளிச்சம் பட்டா ஒரு இலத்திரன உள்ளுக்கேயே லட்சக்கணக்கில பெருக்கிக் குடுக்கும். எனக்கு இதுதான் ஆகப் பிடிச்ச வேலை. இருந்தாலும் பிறகு பவர் அம்ப்ளிஃபயர் வேணும், இரைச்சல்ட உச்சங்கள் திடீர் திடீரெண்டு எகிறும், அதுகள அம்ப்ளிஃபயர் வெட்டிச்செண்டா உண்மையான இரைச்சல் மாதிரி இருக்காது, வெட்டாம விடோணுமெண்டா அம்ப்ளிஃபயர் சும்மா பெருசா இருக்கோணும், நட்டம்.

அப்பதான் மற்ற யோசனை, பவர் குடுக்கிற ரியூப்பையே இரைச்சல் போடுற குழப்படிக்காரனாக்கிறது. வேகமான இலத்திரன் கற்றைய பிளாஸ்மாக்குள்ள (அணுவில இருந்து இலத்திரன் பிரிஞ்சு கிடக்கிற வாயு) விட்டா, ஒரு சின்ன அலை வந்தா காணும், இலத்திரனெல்லாம் கூட்டம் கூட்டமா சேரும், கூட்டம் அலைக்கு சக்தி குடுக்கும், அலை பெருத்தா கூட்டம் இன்னும் இறுகும், கட்டுப்பாடில்லாம வளரும். ராடாருக்கு அலை உண்டாக்கிற மக்னெட்ரோன் எண்ட ரியூப்லயும் காந்தப்புலத்தில சுத்துற இலத்திரன் மேகம் இப்பிடித்தான் நிலைகுலையும், ராடார்காரனுக்கு அது தலையிடி, ஜாமர்காரனுக்கு சீதனம்.

இப்ப விறாந்தையில எல்ஈடி பல்ப். உள்ளுக்கிருக்கிற, கறண்ட வேகமா வெட்டி வெட்டி மாத்திக் குடுக்கிற மலிவு சுவிச்சிங் சப்ளை பழைய ரியூப்ப விட மோசமா இரையுது. போன மாசம் அம்மப்பாட றேடியோவ திருத்திப் போட்டன், செய்தி தொடங்கினதும் என்ட வாயாலயே வந்திட்டு, "அந்த லைட்ட நூர்".